ஒரு சுவருக்கு இரண்டு சூடு

திருவனந்தபுரம் போகிறேன் என்றதும் எங்கள் தெருவில் நான்கு பேர் பிரசாதம் கேட்டார்கள், இரண்டு பேர் நேந்திரங்காய் சிப்ஸ் கேட்டார்கள். ஒரு சுவரைப் பார்க்கப் போகிறேன் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. என் கணவர் மட்டும், "சுவர்தானே? திருச்சியில இல்லாத சுவரா?" என்று கேட்டுவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறவள். இருபத்து மூன்று வருடமாகப் பெரும்பாலும் ஒரே பாடம்: பரவல் சமன்பாடு. சூடு ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவும், எவ்வளவு நேரத்தில் ஆறும் என்று சொல்லும் சமன்பாடு அது. பேனாவும் தாளும் வைத்து அதற்கு முழு விடை காண்பது அபூர்வம். ஆகவே பொருளைத் துண்டு துண்டாகவும் நேரத்தை அடி அடியாகவும் உடைத்து, எண்களாலேயே விடையை நெருங்குவோம். மாணவர்கள் இதைத் தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுவார்கள் என்பது என் அனுபவம். மறக்காத ஒருத்தனால்தான் இந்தப் பயணம்.

அவன் பெயர் சிவதாணு. பூர்வீகம் நாஞ்சில் நாடு, பிறந்து வளர்ந்தது திருவனந்தபுரத்துக் கரமனை. எங்கள் கல்லூரியில் மேற்படிப்பு முடித்துவிட்டு, நெடுமங்காடு தாண்டி எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் சைட் இன்ஜினியராக இருக்கிறான். திங்கட்கிழமை மாலை என் போனுக்கு இரண்டு படம் அனுப்பினான். இரண்டும் ஒரே எக்செல் தாளின் அச்சு, இரண்டிலும் அவன் கையெழுத்து. காலையில் எடுத்ததில் சுவரின் நடுவே இருந்த உச்ச வெப்பம் 66 டிகிரி. மதியம் எடுத்ததில் 79. கீழே ஒரு வரி: "டீச்சர், ஒண்ணும் மனசிலாகல்ல. வர முடியுமா?"

அந்தத் தாள் நான் வகுப்பில் செய்துகொடுத்த தாள். மறுநாள் காலை கிளம்பிவிட்டேன்.

தம்பானூரில் இறங்கியபோது மழை சற்று முன்புதான் ஓய்ந்திருந்தது. ஸ்டேஷன் வாசலில் சிவதாணு நின்றிருந்தான். கல்லூரியில் பார்த்ததைவிடப் பாதி ஆளாக இருந்தான்.

"யாத்ரை சுகந்தன்னே டீச்சர்?"

"சுகம் இருக்கட்டும். சுவர் எப்படி இருக்கு?"

"சுவர் அங்கதான் இருக்கு. நான்தான் இல்லாம ஆயிட்டேன்" என்றான். சிரிக்க முயன்றான், வரவில்லை.

முதலில் சாப்பிட்டாக வேண்டும் என்றேன். பசியோடு போட்ட கணக்கு எனக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் இலை போட்டார்கள். சிவப்பாக, ஒவ்வொன்றும் தனித்தனியே உருளும் பருத்த அரிசிச் சோறு. பொன்னி அரிசி சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அதை மென்று முடிப்பதே ஒரு வேலை. முதலில் பருப்பும் நெய்யும், அதில் அப்பளத்தை நொறுக்கிப் பிசைய வேண்டும். குடிக்க வைத்த வெந்நீர் ரோஸ் நிறத்தில் இருந்தது. ஏதோ மரப்பட்டை போட்டுக் கொதிக்கவைப்பார்களாம். கடைசியில் இலையில் ஒரு போளியை வைத்து, அதன் தலையில் பால் பாயசத்தை ஊற்றினார் பரிமாறுகிறவர். எங்கள் ஊரில் போளிக்கு நெய் விட்டுத் தின்போம், பாயசத்தைத் தனியே குடிப்போம். இரண்டையும் சேர்ப்பது அநியாயம் என்று நினைத்துக்கொண்டே இரண்டாவது போளி வாங்கினேன்.

சாப்பிடும்போதே சங்கதியைக் கேட்டேன். கதிர்வீச்சு சிகிச்சை தரும் இயந்திரத்துக்கான அறை அது. கதிர் வெளியே கசியாமலிருக்கச் சுவரின் கனமே எட்டடி. அவ்வளவு கனமான கான்கிரீட்டை ஒரே மூச்சில் ஊற்றினால் சிமெண்ட் இறுகும்போது உள்ளே சூடு ஏறும். வெளிப்பக்கம் ஆறிவிடும், நடுப்பகுதி ஆற நாளாகும். நடுவே எழுபது டிகிரியைத் தாண்டிவிட்டால் பிற்காலத்தில் கான்கிரீட் உள்ளுக்குள்ளேயே வீங்கி விரிசல் விடலாம். அப்படிப்பட்ட சுவருக்குப் பின்னால் கதிர் இயந்திரத்தை வைக்க யாரும் சம்மதிக்கமாட்டார்கள்.

"நடுவுல சூடு அளக்க கம்பி வைக்கலியா?"

"வச்சிருந்தோம் டீச்சர். கான்கிரீட் போடும்போது அத அதிர வச்சு இறுக்குற வைப்ரேட்டர் ஊசி பட்டு அறுந்துபோச்சு. மேல்பக்கத்து ரெண்டு கம்பி இருக்கு. நடு கம்பி போயி."

ஆக, சுவரின் நடுவே போன வாரம் என்ன நடந்தது என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது: என் எக்செல் தாள். அந்த ஒரே சாட்சியும் காலையில் ஒன்று, மதியம் ஒன்று சொல்லியிருக்கிறது. இரண்டு அச்சும் கட்டமைப்பு ஆலோசகரான லதிகா மேடத்தின் மேஜையில் இருந்தன. வியாழக்கிழமை மாலைக்குள் ஒரே எண்ணும் அதற்குக் காரணமும் வேண்டும், இல்லாவிட்டால் சுவரை இடிக்க எழுதிக்கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

"இடிச்சா என் வேலை போகும், அது போகட்டும்" என்றான் சிவதாணு. "ஆனா கையெழுத்து என்னோடது அல்லே? இனி எந்த சைட்டுல என் கையெழுத்த வாங்குவாங்க?"

பாதி பாயசத்தோடு இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

மருத்துவமனை வளாகம் மலைச்சரிவில் இருந்தது. சுவர், சுவர் மாதிரியே இல்லை. வெளிப்பக்கம் மட்டும் சட்டென்று ஆறிவிடாமலிருக்க நீலத் தார்ப்பாயும் தெர்மகோலும் போர்த்திய ஒரு சின்ன வீடு போல நின்றது. அதன் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து தலைத்துண்டை அவிழ்த்தார். மேஸ்திரி மாடசாமி, சிவகிரிக்காரர். அவரோடு இருபது பேர் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தகர ஷெட்டில் இருக்கிறார்கள்.

"ஊசி எங்கையிலதாம்மா இருந்துச்சு" என்றார், நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே. "ராத்திரி பகலுன்னு பாக்காம விடாம போட்ட காங்க்ரீட்டு. ஒரு பொத்தல் இருக்காது, நீங்க எங்கன வேணாலும் தட்டிப் பாருங்க. அந்தக் கம்பி மட்டும் எங்கண்ணுக்குத் தட்டுப்படல. ஒரு கம்பிக்காண்டி இம்புட்டையும் இடிக்கச் சொன்னா என்னம்மா செய்ய?"

"இடிக்கவேண்டி வராது" என்று சொல்லிவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

சைட் ஆபீஸ் என்பது ஒரு கண்டெய்னர் பெட்டி. சிவதாணுவின் கம்ப்யூட்டரில் தாளைத் திறந்தோம். 79. நான் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். சிமெண்டின் அளவு சரி, சூடு குறையச் சேர்த்த நிலக்கரிச் சாம்பலின் அளவு சரி, வெளிக்காற்றின் வெப்பம் சரி, அலகுகள் சரி. இரண்டு மணி நேரம் தேடியும் தப்பு கிடைக்கவில்லை. தப்பு கிடைக்காவிட்டால் 79தான் நிஜம் என்று ஆகிவிடும். இரவு தம்பானூர் லாட்ஜுக்குத் திரும்பும்போது அந்தத் தாளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன்.  

புதன்கிழமை காலை சிவதாணு கார் அனுப்புகிறேன் என்றான். வேண்டாம், பஸ்ஸில் வருகிறேன், எனக்கென்ன பஸ் ஏறத் தெரியாதா என்று வீறாப்பாகச் சொன்னேன். கேரளத்துப் பஸ்ஸில் பலகை மலையாளத்தில்தான் இருக்கும். பக்கத்தில் நின்ற பெண்மணியிடம் நெடுமங்காடு என்றேன், அவர் ஏற்றிவிட்டார். அதுவரை எல்லாம் ஒழுங்கு. வழியில் மழை பிடித்ததும் ஆளாளுக்கு ஜன்னல் படுதாவை இறக்கிவிட்டார்கள். பஸ் ஒரு மூடிய டப்பா ஆகிவிட்டது. எங்கே போகிறோம் என்று பார்க்க வழியில்லை. நெடுமங்காடு தாண்டியபின் மூன்றாவது நிறுத்தம் என்று சிவதாணு சொல்லியிருந்தான். நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த பஸ் சின்ன நிறுத்தங்களில் நிற்காத வேக வண்டி என்பது எனக்குத் தெரியாது.

எண்ணி முடித்து இறங்கியபோது, என் நிறுத்தத்தை வெகுதூரம் தாண்டி, வித்துரா என்ற ஊரில் இருந்தேன்.

"நீங்கள் எங்கே இறங்க வேண்டும் என்று ஏறும்போதே சொல்லியிருக்க வேண்டாமா?" என்று மலையாளத்தில் கேட்டார் கண்டக்டர். பிறகு மனம் இறங்கி, அடுத்த வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, எதிரே கடையில் பழம்பொரி நன்றாயிருக்கும் என்றும் சொன்னார். என்னை ஊர்மாற்றி இறக்கிவிட்ட எந்தக் கண்டக்டரும் இதுவரை நல்ல பலகாரக் கடை காட்டியதில்லை.

சந்தைக்குப் போகிறவர்களும் பொன்மலைப் பக்கம் சுற்றிப்பார்க்கப் போகிற இளைஞர் கூட்டமும் அந்தக் கடையில் நிறைந்திருந்தார்கள். பொன்முடி என்று சொல்ல வேண்டும், நான் பொன்மலை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். திருச்சிக்காரிக்கு வாயில் வருவது அதுதான். நேந்திரம் பழத்தை நீளவாக்கில் வெட்டி மாவில் தோய்த்துப் பொரித்தது சுடச்சுட வந்தது. எங்கள் ஊர் வாழைக்காய் பஜ்ஜிக்கு இது பணக்கார அக்கா. இரண்டு தின்றேன். சாயாவை மெல்லக் குடித்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தேன். வேறு செய்வதற்கு ஒன்றுமில்லை.

சிவதாணுவின் தாளை நேரே திறக்கவில்லை. முதலில் வகுப்புக்காக நான் செய்த மூலத் தாளைத் திறந்தேன். அதில் சிவதாணுவின் எண்களை ஒவ்வொன்றாக அடித்தேன். கடைசி எண்ணை அடித்ததும் நடுக் கட்டத்தில் வந்து நின்றது 66.

சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். பென் டிரைவைச் செருகி அவனுடைய தாளையும் திறந்தேன். 79 என்று திறந்தது. ஏதோ ஒரு கட்டத்தில் இருந்த எண்ணையே மறுபடி அடித்தேன். என் கண்ணெதிரே அதுவும் 66 ஆகிவிட்டது.

நான் எதையாவது கலைத்துவிட்டேனோ என்று பயம். இரண்டையும் சேமிக்காமல் மூடினேன். இந்தமுறை அவன் தாளை மட்டும் தனியே திறந்தேன். 79. மறுகணக்குப் பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். 78.7. இன்னொருமுறை. 78.4. அழுத்த அழுத்தச் சுவர் ஆறிக்கொண்டே வந்தது. எட்டடிக் கான்கிரீட்டை ஒரு விரலால் ஆற்றிக்கொண்டு வித்துராவில் உட்கார்ந்திருந்தேன். எதிரே உட்கார்ந்து சாயா குடித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல செய்தியா?" என்று கேட்டார். ரொம்ப நல்ல செய்தி என்றேன். அடுத்த நிமிஷம் வெட்கமாகவும் இருந்தது, ஏனென்றால் தப்பு எங்கே தொடங்கியது என்று புரிந்துவிட்டது.

அதைச் சொல்லிவிடுகிறேன். சுவரின் ஒவ்வொரு துண்டின் சூடும் அதன் இரண்டு பக்கத்துத் துண்டுகளின் சூட்டைச் சார்ந்தது. அந்தப் பக்கத்துத் துண்டுகளோ இதைச் சார்ந்தவை. எல்லாம் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். இதற்கு மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை என்று வரிசையாக நீக்கிக்கொண்டே போகும் ஒழுங்கான வழி ஒன்று உண்டு. அதை நடத்த எனக்கு இரண்டு வகுப்பு வேண்டும். ஒரு வருடம் பாடம் முடியாமல் திண்டாடியபோது, எக்செல்லில் ஒரு குறுக்கு வழி காட்டினேன். கட்டங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஆயிரம் சுற்று சுற்றித் தாமே சரியாகிக்கொள்ளும்படி ஒரு விருப்பத்தைத் தட்டிவிட்டால் போதும். மாணவர்கள் கைதட்டினார்கள். நானும் பெருமையாக நின்றேன்.

அந்தச் சுற்றுகளின் எண்ணிக்கையில்தான் வினை. எக்செல் அதைத் தாளுக்குத் தாள் தனித்தனியே பார்ப்பதில்லை. எக்செல்லை எழுப்பியதும் முதலில் எந்தத் தாளைத் திறக்கிறோமோ அதில் உள்ள எண்ணிக்கையே பின்னால் திறக்கும் எல்லாவற்றுக்கும். இது எனக்குத் தெரியும். வகுப்பில் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை.

திரும்பும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்துக்கொண்டே வந்து, சரியான நிறுத்தத்தில் இறங்கினேன்.

"சிவதாணு, தினம் இந்தக் கம்ப்யூட்டர்ல முதல்ல எதைத் திறப்பே?"

"ஆட்கள் வருகைப் பட்டியல், டீச்சர். ஏழு மணிக்கு அத முடிச்சாத்தான் வேற வேலை."

"அதுல எப்பவாவது சுற்றுன்னு ஏதாவது எச்சரிக்கை வந்துச்சா?"

யோசித்தான். "வந்துட்டுண்டு. கூட்டுத்தொகைக் கட்டம் தன்னையே கூட்டிட்டிருந்தது. தெறக்கும்போதெல்லாம் ஒரு பெட்டி வந்து சல்லியப்படுத்தும். அதான் சுத்து ஒண்ணுன்னு போட்டேன். பின்னே அது வாயத் தெறக்கல்ல."

ஒன்று. ஆயிரம் சுற்றுக்குப் பதில் ஒரே ஒரு சுற்று. திங்கட்கிழமை காலை அவசரத்தில் அவன் வருகைப் பட்டியலைத் திறப்பதற்கு முன்பே வெப்பத் தாளைத் திறந்துவிட்டான், 66 வந்தது. மதியம், கையெழுத்துப் போட்ட அச்சு இன்னொன்று வேண்டும் என்று லதிகா மேடம் கேட்டபோது, வருகைப் பட்டியலுக்குப் பிறகு திறந்தான். அப்போது அவன் திறந்தது, சாம்பல் கலக்காமல் கட்டலாம் என்று முன்பு யோசித்தபோது போட்ட பழைய பிரதி. அதில் புதிய கலவையை அடித்தான். ஒரே சுற்றில் எண்கள் கொஞ்சம்தான் அசைந்தன. கட்டப்படாத ஒரு சுவரின் சூடு கட்டிய சுவரின் கணக்கில் அப்படியே தங்கிவிட்டது. சேமித்தபோது அந்த ஒற்றைச் சுற்றும் தாளோடு ஒட்டிக்கொண்டது.

அவனுக்குப் புரிந்ததும் நாற்காலியில் சாய்ந்துவிட்டான். "அப்போ அறுபத்தாறு தன்னே?"

"அறுபத்தாறுதான். தப்பு என்னோடது. நான்தான் அந்தச் சோம்பேறி வழியைக் கத்துக்கொடுத்தேன்."

"டீச்சர், ஒண்ணுன்னு போட்டது நானாக்கும்."

பழியை ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். ஆனால் புரிந்தது எங்கள் இரண்டு பேருக்குத்தான். இடிக்க எழுதப்போகிறவருக்குப் புரிய வேண்டுமே. எக்செல்லில் ஏமாந்தோம், இப்போது அதே எக்செல் சரி என்கிறது என்று போய் நின்றால் நானே நம்பமாட்டேன்.

ஆகவே லாட்ஜுக்கு வந்ததும் கீழ்க்கடையில் ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கினேன். கம்ப்யூட்டரே இல்லாமல் கையால் போட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு. எட்டடிச் சுவரை ஆறு துண்டாக வெட்டிக்கொண்டேன். துண்டின் அகலத்துக்குத் தகுந்த நேர அடி ஒன்று உண்டு. இந்தச் சுவருக்கு அது ஏறக்குறைய இருபத்திரண்டு மணி நேரம். அப்படி அடி வைத்தால் கணக்கு குழந்தைக் கணக்காகிவிடும்: ஒரு புள்ளியின் அடுத்த சூடு, இன்றைக்கு அதன் இரண்டு பக்கத்துப் புள்ளிகளின் சராசரி, கூடவே சிமெண்ட் தரும் சூடு. அவ்வளவுதான். அதைவிட நீள அடி வைக்க ஆசைப்பட்டால் எண்கள் ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழும் எகிறிக் கடைசியில் சுவர் பனிக்கட்டியாகிவிடும். வகுப்பில் மாணவர்கள் சிரிக்கும் ஒரே இடம் அது.

இட்லி பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒன்பது வரிசை போட்டேன். வெளியே வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட்டது. உச்சம் 68, இன்றைய நிலையில் 59. ஆறே துண்டில் போட்ட முரட்டுக் கணக்குக்கு இது போதும். எழுபதைத் தாண்டவில்லை. போனில் கணவரிடம், "சுவர் பிழைச்சிடும் போல" என்றேன். "சிப்ஸ் மறந்துடாதே" என்றார்.

வியாழக்கிழமை காலை சிவதாணு காரோடு வந்தான். போகிற வழியில் இல்லை என்றாலும் பழவங்காடிக்கு வண்டியைத் திருப்பினான். அங்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது வழக்கம். படபடவென்று நூறு தேங்காய் உடையும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

"சுவர் என்ன சூட்டுல இருந்ததோ அது போன வாரமே முடிஞ்ச விஷயம்பா. தேங்காய் உடைச்சா மாறிடுமா?" என்றேன்.

"மாறண்டாம் டீச்சர். மனசு ஒண்ணு நிக்கட்டும்."

அவன் ஒன்று உடைத்தான். நான் இரண்டு உடைத்தேன். இதைக் கல்லூரியில் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

லதிகா மேடம் பகல் இரண்டு மணிக்கு வந்தார். அறுபது வயது இருக்கும். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, தலையில் வெள்ளை ஹெல்மெட். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. அவர் மலையாளத்தில் பேசினார், நான் தமிழில் பேசினேன், இரண்டு பேருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. குறுக்கு வழியை நான் கற்றுக்கொடுத்ததிலிருந்து வருகைப் பட்டியல் வரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். நோட்டையும் காட்டினேன். நோட்டை அவர் நெடுநேரம் பார்த்தார். மூன்றாவது வரிசையில் ஒரு கூட்டலைத் தானே போட்டுச் சரிபார்த்தார்.

"கதை நன்றாக இருக்கிறது" என்றார். "ஆனால் நடந்து முடிந்ததற்குக் காரணம் சொல்வது எளிது. நடக்காததைச் சொல்லுங்கள். இந்தச் சுவரின் நடுவே இன்று நான்கு மணிக்கு என்ன சூடு இருக்கும்?"

அளக்கத்தான் கம்பி இல்லையே என்றேன். சுவருக்குக் குறுக்கே சாய்வாக ஒரு குழாய் விட்டிருக்கிறது, பின்னாளில் இயந்திரத்தைச் சோதிக்கும் கம்பிகள் போவதற்கு, அதன் நடுப்பகுதி சுவரின் நடுவேதான் இருக்கிறது என்றார். வெப்பமானியை அதில் பாதிவரை நுழைத்து, இரண்டு பக்கமும் துணி அடைத்து, ஒரு மணி நேரம் விட்டால் தெரிந்துவிடும். போன வார உச்சத்தை அது சொல்லாது, இன்றைய சூட்டைத்தான் சொல்லும். ஆனால் எந்தக் கணக்கு இன்றைக்குச் சரியாகச் சொல்கிறதோ அந்தக் கணக்கைப் போன வாரத்துக்கும் நம்பலாம்.

"என் பழக்கம் ஒன்று உண்டு" என்றார். "முதலில் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் அளப்பேன்."

நான்கு மணிக்கு என்ன வரும் என்று எக்செல்லில் பார்த்தோம். 66 கணக்குப்படி இன்றைக்கு 57. அந்த 79 கணக்குப்படி 68. நடுவே பதினொரு டிகிரி. இழுத்துப் பிடித்து இரண்டும் சரிதான் என்று சொல்லிவிட முடியாது. பேனாவை நான் எடுத்தேன். சிவதாணு என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டான்.

"சுவர் என்னோடது டீச்சர்" என்று சொல்லி 57 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.  கீழே நானும் போட்டேன். லதிகா மேடம் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் காத்திருப்பதைப் பற்றி என்ன எழுதுவது? மாடசாமி பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து கொடுத்தார். கேன்டீனில் மரவள்ளிக்கிழங்கு அவித்து மீன் குழம்போடு வைத்திருந்தார்கள். எனக்கு மரவள்ளி என்றால் உயிர். அன்றைக்கு ஒரு வாய்கூடத் தொடவில்லை. என் வாழ்க்கையில் பரவல் சமன்பாட்டின் விடைக்காக நான் பயந்தது அது ஒருமுறைதான். கரும்பலகையில் அது தப்பானால் அழிப்பான் இருக்கிறது. இங்கே இருபது ஆட்கள் கடப்பாரையோடு ஏற வேண்டியிருக்கும்.

மணி நான்கு. மாடசாமி குழாயின் ஒரு முனையில் நின்றார், வெப்பமானியின் பெட்டியை லதிகா மேடம் கையில் வைத்திருந்தார். வேலையாட்கள் எல்லோரும் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்கள்.

"ஏல, ஒதுங்கி நில்லுங்கல. மூச்சுக்காத்துல சூடேறிரப் போவுது" என்றார் மாடசாமி. 

லதிகா மேடம் பெட்டியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு பெட்டியை என் பக்கம் திருப்பினார்.

56.4.

பக்கத்தில் இருந்த சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. மாடசாமி எண்ணைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். கூட்டத்திலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

சிவதாணு மட்டும் அசையவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். லதிகா மேடம் கைப்பையிலிருந்து தாளை எடுத்து, 57க்குப் பக்கத்தில் 56.4 என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார். திங்கட்கிழமையின் 79 அச்சை நான்காக மடித்துக் கிழித்தார்.

"அடுத்த சுவர் மறு வாரம் வெள்ளிக்கிழமை" என்றார் சிவதாணுவிடம். "அதன் எண் புதன்கிழமையே என் மேஜைக்கு வர வேண்டும். உன் கையெழுத்தோடு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "என்னோட கையெழுத்தா, மேடம்?"

"பின்னே, ஒரு சுவரை வைத்து அறை கட்ட முடியுமா?" என்று கேட்டுவிட்டு அவர் காரை நோக்கி நடந்தார்.